இரண்டு மார்க்

முப்பத்தைந்து வேண்டுமாம்.
எனக்கு முப்பத்து மூன்று.

மரிசெல் காகிதத்தைத் திருப்பிக் காட்டுகிறாள்.
என் வரியில் மட்டும் ஒரு நட்சத்திரக் குறி.
வயது, எடை, ரத்தத்தில் தேங்கிய உப்பு
மூன்றையும் பெருக்கி வகுத்தால்
சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிக்கிறது
என்று தெரிந்துவிடுமாம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்,
நினைத்து நினைத்துத் தேக்கிவைத்திருக்கிறது என் ரத்தம்.

பள்ளியிலும் கணக்கில்தான் இரண்டு மார்க் குறையும் எனக்கு.
"போட்டுக்கொடுக்கக் கூடாதா?"
தமிழில்தான் கேட்டேன்.
புரிந்தவள் போலச் சிரித்தாள்.
மருந்துப் பையை உறை பிரிக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

வெளியே வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.

நவம்பரில் போர்ட்டேஜ் அவென்யூவில்
வண்டியை விட்டு இறங்கும்போது வழுக்கியது.
விழுந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது,
கை ஊன்றி உட்கார்ந்தேன்.
அதற்கே மணிக்கட்டு
முருங்கைக் கிளை மாதிரி ஒடிந்தது.

பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டினேன் இந்த ஊரில்.
தண்ணீர் குடித்தால் போக வேண்டும்,
போக வேண்டுமென்றால்
நாற்பது பேரை நடுவழியில் உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும்.
குடிக்கவில்லை.
காலை ஐந்தரைக் காப்பி
மதியம் ஒன்றரை வரை என்னோடு டிக்கெட் இல்லாமல் வரும்.
அதை ஒரு திறமை என்று நினைத்திருந்தேன்.
முட்டிவலிக்குத் தினமும் இரண்டு மாத்திரை,
கோட்டுப் பையில் கடலை போலக் கிடக்கும்.

டாக்டர் மெல்னிக் முதலில் பிடுங்கியது அந்த மாத்திரையை.

கால்சியமும் குறைவு என்றார்,
இரண்டு புள்ளி பூஜ்யம் மூன்று.
ரத்தம் கைச்செலவுக்கு எலும்பிடம்தான் கடன் வாங்குகிறது.
இந்த மருந்து அந்தக் கடையின் ஷட்டரை
ஒரேயடியாக இழுத்துவிடும்.
சில்லறை இல்லாமல் பூட்டிய கடைமுன் நின்றால்
உதடு மரத்துப்போகும்,
விரல்கள் தாமாக இழுத்துக்கொள்ளும்.
(அவர் இப்படிச் சொல்லவில்லை.
ஒரு காகிதத்தில் அம்புக்குறிகள் போட்டார்.
கடையைத் திறந்தது நான்தான்.)

வீட்டில் நல்லபெருமாள் கேட்டார்:
"எலும்பு பெரிதா, கிட்னி பெரிதா?"
பட்டிமன்றத் தலைப்பு போல.
நடுவர் யாரும் இல்லாததால்
ரசம் ஆறுவதற்குள் முடிந்தது.

மூன்று வாரம்.
வெயிலை எண்ணெய்க் குளிகையாக விழுங்கினேன்.
கால்சிய மாத்திரை அப்படியே சிலேட்டுக் குச்சி ருசி,
இந்தத் தடவை தின்றதற்கு யாரும் அடிக்கவில்லை.
அறுபத்திரண்டு வயதில்
தண்ணீர் குடிக்கப் பழகினேன்:
எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று,
மறந்துபோய், நினைவு வந்து, மன்னிப்புக் கேட்பது போல ஒன்று.

திரும்பவும் ஊசி, திரும்பவும் குப்பி.
முப்பத்தெட்டு.
இரண்டு புள்ளி இரண்டு நான்கு.
ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லை. பாஸ்.

இரண்டு டம்ளர் நீரைக் கண்ணெதிரே குடிக்கவைத்துவிட்டு
மரிசெல் நரம்பைத் தேடினாள்.
வருடத்துக்கு ஒரு முறை, உள்ளங்கை அகலப் பை,
அரை மணி நேரம்கூட ஆகாதாம்.
இதற்கா இத்தனை தணிக்கை என்றிருந்தது.
ராத்திரி காய்ச்சல் வரலாம், பயப்படாதே என்றாள்.
ஒவ்வொரு சொட்டும்
யோசித்து யோசித்து இறங்கியது.

பாதியில் வந்துவிட்டது.
பழக்கதோஷம், தொடையை இறுக்கினேன்,
அடுத்த நிறுத்தம், அடுத்த நிறுத்தம் என்று.

பிறகு கம்பத்தைப் பிடித்து எழுந்தேன்.
சக்கரம் வைத்த கம்பம்.
பை ஆடியபடி கூடவே வந்தது.
நடைவழியில் எனக்கு முன்னும் பின்னும்
நாலைந்து பேர் நின்றுவிட்டார்கள்.

நிற்கட்டும்.